பச்சை விளக்கும் நகராத வரிசையும்: வேலூர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் தரவுத்தள நிகழ்வு ஆய்வு

கடந்த மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை பதினொன்றேகால் மணிக்கு வரவேற்பு மேசையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, எட்டரை மணிக்குப் பிறகு ஒரு ரிப்போர்ட்கூட யாருக்கும் போகவில்லை. உங்கள் பக்கம் ஏதாவது கோளாறா?" என்று அக்கா கேட்டார். எதிரே இருந்த கண்காணிப்புத் திரையைப் பார்த்தேன். சி.பி.யு. பயன்பாடு 9 சதவீதம். நினைவகம் பாதிகூட நிரம்பவில்லை. வட்டில் 40 சதவீதம் இடம் மிச்சம் இருந்தது. தரவுத்தள இணைப்புகள் 100க்கு 38. எல்லாக் கட்டங்களும் பச்சை. "இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது, அக்கா. மெஷினில் தாமதமா என்று உள்ளே கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

அந்தப் பதிலால் இன்னும் இருபத்தைந்து நிமிடம் வீணாயிற்று. திரையில் இருந்த எண்கள் ஒவ்வொன்றும் உண்மை. அவற்றை வைத்து நான் சொன்ன பதில் பொய். இது எப்படி நேர்ந்தது, அதன் பிறகு தரவுத்தளத்திடம் என்னென்ன கேட்கத் தொடங்கினோம், கேட்ட விதத்தில் நாங்களே செய்த பிழைகள் எவை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கூடமும் அதன் காலை நேரமும்

இது வேலூர் நகரில் இருக்கும் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடம். காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர் என்று சுற்றிலும் 14 சேகரிப்பு மையங்கள் உண்டு. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் இரத்தக் குழாய்கள் எல்லாம் பழைய வழியிலேயே வேலூருக்குத்தான் வருகின்றன. மென்பொருளைப் பராமரிப்பது எங்கள் சிறிய குழு. பின்னால் இருப்பது ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்.

வேலை நடக்கும் வரிசை எளிமையானது. சாம்பிள் வந்ததும் பார்கோடு ஒட்டப்படும். மெஷின் முடிவைத் தரும். மருத்துவர் அதைச் சரிபார்ப்பார். சரிபார்த்த உடனே அந்த ரிப்போர்ட் அனுப்பும் வரிசைக்குள் ஒரு வரியாக விழும். அங்கிருந்து ஆறு நிரல்கள் ஒவ்வொன்றாக எடுத்து, நோயாளியின் போனுக்குக் குறுஞ்செய்தியும் இணைப்பும் அனுப்பும்.

திங்கட்கிழமை காலை என்பது வெறும் வயிற்றுக்காரர்களின் நேரம். முந்தைய இரவு சாப்பிட்டவர்கள் ஆறரை மணிக்கே வந்து நிற்பார்கள். வெளியூர் நோயாளிகள் நிறைந்த ஊர் இது. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களுக்கு மருத்துவரைப் பார்க்கும் நேரம், காட்பாடியில் ரயில் பிடிக்கும் நேரம் எல்லாம் ரிப்போர்ட்டைச் சார்ந்தே இருக்கும். எங்கள் அக்கா தமிழோடு இந்தியும் வங்காளமும் பேசுவார். அன்று அந்த மூன்று மொழிகளிலும் மூன்று மணி நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பூட்டின் பின்னால்

பதினொன்று நாற்பதுக்கு ஆய்வக டெக்னீஷியன் என்னிடமே வந்தார். "சார், மெஷின் ஒழுங்காக ஓடுகிறது. டாக்டர் இருநூறுக்கு மேல் சரிபார்த்துவிட்டார். ஒன்றுகூட வெளியே போகவில்லை" என்றார். அப்போதுதான் திரையை விட்டுவிட்டுத் தரவுத்தளத்துக்குள் போனேன்.

போஸ்ட்கிரெஸில் பி.ஜி. ஸ்டாட் ஆக்டிவிட்டி என்று ஒரு காட்சி அட்டவணை இருக்கிறது. இந்த நொடியில் யார் யார் இணைந்திருக்கிறார்கள், எந்த நிலையில் இருக்கிறார்கள், அவர்களுடைய பரிவர்த்தனை (ஒன்றாகவே முடிய வேண்டிய, இல்லையேல் ஒன்றாகவே கைவிடப்பட வேண்டிய வேலைகளின் தொகுப்பு) எப்போது தொடங்கியது, எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை அது வரிக்கு வரி சொல்லும். அதில் எங்கள் ஆறு நிரல்களின் வரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஐந்து நிரல்கள் பூட்டுக்காகக் காத்திருந்தன. ஒருவர் கையாளும் வரியை அதே நேரத்தில் மற்றவர் மாற்றாதபடி தடுப்பதே பூட்டு. ஆறாவது நிரலின் நிலை 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்'. அதாவது பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிட்டு, அதை முடிக்காமலும் கைவிடாமலும் சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் பரிவர்த்தனை தொடங்கிய நேரம் 8:31. உன்னைத் தடுப்பது யார் என்று காத்திருந்த ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் அந்த ஆறாவதின் எண்ணில்தான் போய் முடிந்தது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு நிரலும் வரிசையில் மிகப் பழைய ரிப்போர்ட்டைத் தேர்ந்து, செலக்ட் ஃபார் அப்டேட் என்ற கட்டளையால் அந்த வரியைப் பூட்டும். பூட்டிய நிலையிலேயே குறுஞ்செய்தி அனுப்பும் வெளி நிறுவனத்தை இணையம் வழியாக அழைக்கும். பதில் வந்ததும் 'அனுப்பியாயிற்று' என்று எழுதிப் பரிவர்த்தனையை முடிக்கும். 8:31க்கு அந்த அழைப்புக்குப் பதில் வரவில்லை. இணைப்பும் அறுந்துபோகவில்லை. எங்கள் நிரலில் எத்தனை விநாடி காத்திருக்கலாம் என்ற வரம்பு எழுதப்படவில்லை. எனவே அது காத்துக்கொண்டே இருந்தது. மற்ற ஐந்து நிரல்களும் மிகப் பழைய ரிப்போர்ட்டைத்தானே தேடும்? அவை அதே வரியிடம் போய், பூட்டு திறக்கட்டும் என்று நின்றுவிட்டன. பின்னால் இருநூறு ரிப்போர்ட்டுகள் தயாராக இருந்தும் அவற்றைத் தொட ஆளில்லை.

காத்திருப்பவனுக்கு சி.பி.யு. தேவையில்லை. வட்டும் சுழலத் தேவையில்லை. வேலை நின்றுபோக நின்றுபோக எந்திரம் அமைதியானது, எந்திரம் அமைதியாக ஆகத் திரை இன்னும் பச்சையானது. அன்று 9 சதவீதம் என்று நான் நிம்மதியாகப் படித்த எண், நிற்கும் வரிசையின் அறிகுறி. வழக்கமான திங்கட்கிழமையில் அந்த நேரத்துக்கு அது 30ஐத் தாண்டியிருக்கும்.

ஆறாவது இணைப்பைத் தரவுத்தளத்தின் பக்கமிருந்தே துண்டித்தேன். பூட்டு திறந்த உடனே வரிசை நகரத் தொடங்கியது. பத்து நிமிடத்துக்குள் எல்லா ரிப்போர்ட்டுகளும் போய்ச் சேர்ந்தன. வரவேற்புக் கூடத்தில் ஒரே நேரத்தில் போன்கள் ஒலித்ததாக அக்கா பிறகு சொன்னார். அணைக்கட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் அதற்கு முன்பே, சாப்பிடாமலும் ரிப்போர்ட் இல்லாமலும் பஸ் ஏறிப் போய்விட்டார் என்பதையும் சொன்னார்.

நிரலைத் திருத்தியது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளி அழைப்பைப் பரிவர்த்தனைக்கு வெளியே கொண்டுவந்தோம். அதற்கு 10 விநாடி வரம்பு வைத்தோம். பூட்டிய வரியைத் தாண்டி அடுத்ததை எடுக்கச் சொல்லும் ஸ்கிப் லாக்டு என்ற வசதி, 2016 தொடக்கத்தில் வெளியான 9.5 பதிப்பு முதலே போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. அதைச் சேர்த்தோம். திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கும் பரிவர்த்தனையை 60 விநாடியில் தானாகவே முறித்துவிடும் அமைப்பையும் அந்த நிரல்களின் பயனர் கணக்குக்கு இட்டோம். இதே வகைக் கோளாறு இனி இதே வழியில் வராது. ஆனால் வேறு வகையில் வரிசை நின்றால் எங்களுக்கு யார் சொல்வது? மறுபடியும் அக்காதானா?

எதைக் கேட்பது

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில். பாலாற்றைப் பற்றிய பாதி இன்றும் ஆண்டின் பெரும்பகுதிக்குப் பொருந்தும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் லிங்கத்தை மீண்டும் வைத்த பிறகு மற்றப் பாதி பழங்கதையாகிவிட்டது. அதற்கு முன்பு கோபுரத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுப் போனவருக்கு உள்ளே வழிபாடு நடக்கவில்லை என்பது தெரிந்திருக்காது. எங்கள் கண்காணிப்பும் கோபுரத்தைத்தான் அளந்துகொண்டிருந்தது.

புரோமிதியஸ் போன்ற கண்காணிப்புக் கருவிகள் ஆயத்தமாகத் தரும் அளவீடுகள் எல்லா ஊருக்கும் பொதுவானவை. இணைப்புகள் எத்தனை, நொடிக்கு எத்தனை பரிவர்த்தனை முடிந்தது, நினைவகத்திலிருந்தே கிடைத்த பக்கங்கள் எவ்வளவு என்பவை போன்றவை. அவை தேவைதான். ஆனால் 'ரிப்போர்ட்' என்றால் என்ன என்று அவற்றுக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே இடம் எங்கள் அட்டவணைகள். எனவே தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியான வினவலை நாங்களே எழுதி, அதன் விடையை ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணைக் கண்காணிப்புக்குக் கொடுக்க வேண்டும். இதற்கு எஸ்.க்யூ.எல். எக்ஸ்போர்ட்டர் என்ற சிறிய நிரலை எடுத்துக்கொண்டோம். ஒரு கோப்பில் வினவலையும் அளவீட்டின் பெயரையும் எழுதி வைத்தால் அது தரவுத்தளத்தைக் கேட்டு, விடையைப் புரோமிதியஸ் வந்து எடுத்துக்கொள்ளும் வடிவில் வைத்துவிடும்.

கருவியை நிறுவ அரை நாள் போதுமாக இருந்தது. எதைக் கேட்பது என்று முடிவு செய்யத்தான் இரண்டு வாரம் ஆயிற்று.

முதலில் எங்கள் குழுவில் எல்லோருக்கும் தோன்றியது எண்ணிக்கை. வரிசையில் எத்தனை ரிப்போர்ட் காத்திருக்கிறது? நான் அதை அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் யோசிக்காமலே சொன்னார்: "காலை ஒன்பது மணிக்கு அறுபது இருந்தால் அது நல்ல நாள், தம்பி. மாலை நாலு மணிக்கு மூன்று இருந்தால், அந்த மூன்று பேரும் என் மேசைக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தம்." ரேஷன் கடையில் வரிசை நீளமாக இருக்கிறதா என்று பார்த்தால் கடை திறந்திருக்கிறதா என்று தெரியாது. முதலில் நிற்பவரிடம், நீங்கள் எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டால் தெரிந்துவிடும். இப்படி அக்காவின் வாயிலிருந்து எங்களுக்கு முதல் அளவீடு கிடைத்தது: சரிபார்த்தும் போகாத ரிப்போர்ட்டுகளில் மிகப் பழையது எத்தனை விநாடியாகக் காத்திருக்கிறது?

வினவலைத் தமிழில் படித்தால் இவ்வளவுதான்: ரிப்போர்ட் அட்டவணையில், அனுப்பிய நேரம் காலியாக இருந்து, நிராகரிக்கப்படாமலும் இருக்கும் வரிகளை எடு, அவற்றின் சரிபார்த்த நேரங்களில் மிகச் சிறியதைப் பிடி, அதை இப்போதைய நேரத்திலிருந்து கழி, வரும் இடைவெளியை விநாடிகளாக்கிக் கொடு. இந்த எண் 600ஐத் தாண்டி இரண்டு நிமிடம் நீடித்தால் பணியில் இருப்பவரின் போன் ஒலிக்க வேண்டும். அந்த மே மாதத் திங்கட்கிழமையில் இது இருந்திருந்தால் 8:45க்கு முன்பே எழுந்து ஓடியிருப்பேன்.

'நிலை காத்திருப்பில் என்று இருக்கும் வரிகள்' என்று எழுதாமல் 'அனுப்பிய நேரம் காலியாக இருக்கும் வரிகள்' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. திருத்திய நிரல் இப்போது வரியை முதலில் 'அனுப்பப்படுகிறது' என்று குறித்துவிட்டு, பரிவர்த்தனையை முடித்துவிட்டு, பிறகுதான் வெளியே அழைக்கிறது. நடுவில் நிரல் செத்துப்போனால் அந்த வரி காத்திருப்பிலும் இருக்காது, முடிந்ததிலும் இருக்காது. நிலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தேடும் வினவல் அதைக் காணாமல் விட்டுவிடும். முடியாதது எதுவாக இருந்தாலும் கணக்கில் வர வேண்டும் என்றால் முடிவின் அடையாளத்தை வைத்துத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது அளவீடு டெக்னீஷியனிடமிருந்து வந்தது: சாம்பிள் வந்து சேர்ந்தும் முடிவு வராதவை. அன்று அக்காவிடம் 'மெஷினைக் கேளுங்கள்' என்று சொன்னேனே, அந்தத் தவறு மறுபடி நேராமல் இருக்க இந்த இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஆனால் இங்கே ஒரே வரம்பு செல்லாது. சர்க்கரைக்கு ஒன்றரை மணி நேரத்தில் முடிவு தருகிறோம் என்று சொல்கிறோம். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு மூன்று நாள். எனவே காத்த நேரத்தை அந்த வகைக்குச் சொன்ன நேரத்தால் வகுத்தோம். விடை 1ஐத் தாண்டினால் வாக்குத் தவறுகிறது என்று பொருள். எல்லா வகைக்கும் ஒரே வரம்பு போதும்.

மூன்றாவதும் நான்காவதும் தரவுத்தளத்தின் உள் நிலை பற்றியவை. சும்மா திறந்து கிடக்கும் பரிவர்த்தனைகளில் மிகப் பழையதன் வயது என்ன, பூட்டுக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள். நோய் என்ன என்பதை முதல் இரண்டும் சொல்லும். எங்கே கை வைப்பது என்பதை இவை சொல்லும்.

பூஜ்யம் காட்டிய வினவல்

மூன்றாவது வினவலை எழுதி ஓட விட்டோம். விடை பூஜ்யம். ஒரு நாள் முழுவதும் பூஜ்யம். எங்கள் குழுவின் இளைய தம்பி, "அண்ணா, திருத்தியது வேலை செய்கிறது" என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று இன்னொரு சாளரத்தில் வேறு பயனராக நுழைந்து, ஒரு பரிவர்த்தனையைத் திறந்து, ஒரு வரியை மாற்றிவிட்டு, டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் அப்போதும் பூஜ்யம்.

கண்காணிப்புக்கென்று நாங்கள் உருவாக்கிய பயனர் கணக்குக்குக் குறைந்தபட்ச உரிமை மட்டுமே கொடுத்திருந்தோம். அப்படிப்பட்ட கணக்கு பி.ஜி. ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் படிக்கலாம். ஆனால் பிற பயனர்களுடைய வரிகளில் நிலை, பரிவர்த்தனை தொடங்கிய நேரம், காத்திருக்கும் காரணம் எல்லாம் காலியாகவே தெரியும். காலியை 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்பதோடு ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. பொருந்தாததால் பூஜ்யம். பிழைச் செய்தி எதுவும் வராது. வினவல் வெற்றிகரமாக முடியும், திரை பச்சையாக இருக்கும். தீர்வு ஒரே வரிதான்: 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் பி.ஜி. மானிட்டர் என்ற ஆயத்தப் பொறுப்பு இருக்கிறது. அதைக் கணக்குக்குக் கொடுத்தால், தரவை மாற்றும் உரிமை எதுவும் தராமல், எல்லோருடைய நிலையையும் பார்க்க விடும். கொடுத்த உடனே எண் 1,140 என்று எழுந்து நின்றது. நாங்கள் டீ குடித்த பத்தொன்பது நிமிடம்.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புதிய அளவீடு எதுவானாலும், அது பிடிக்க வேண்டிய கோளாறைச் சோதனைத் தரவுத்தளத்தில் கையால் உண்டாக்கி, போன் ஒலிப்பதைக் காதால் கேட்ட பிறகே ஏற்றுக்கொள்கிறோம்.

இந்த வழக்கம் அடுத்த வாரமே இன்னொன்றைப் பிடித்துக் கொடுத்தது. இரண்டாவது அளவீட்டில் காத்திருப்பு நேரம் மைனஸ் 19,740 விநாடி என்று வந்தது. இன்னும் பிறக்காத சாம்பிள். மெஷினோடு இணைந்த கணினி இந்திய நேரத்தில், நேர மண்டலம் குறிக்காமல் எழுதுகிறது. தரவுத்தள சர்வரோ உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. ஐந்தரை மணி நேரம் என்றால் 19,800 விநாடி. ஒரு நிமிடத்துக்கு முன் வந்த சாம்பிள் சரியாக அந்த எண்ணைத்தான் காட்டும். கவனிக்காமல் விட்டிருந்தால் சர்க்கரை ரிப்போர்ட் நின்றுபோய் ஏழு மணி நேரம் கழித்துத்தான் எச்சரிக்கை வந்திருக்கும். வினவலில் அந்த நேரத்தை இந்திய நேரம் என்று வெளிப்படையாகச் சொல்லி மாற்றினோம். அட்டவணையின் வகையையே மாற்றும் வேலை பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

காலி விடை பற்றியும் சொல்ல வேண்டும். வரிசையில் எதுவும் இல்லாதபோது 'மிகச் சிறியது' என்பதற்கு விடை கிடையாது, காலிதான் வரும். காலியோடு 600ஐ ஒப்பிட முடியாது. எனவே விடை இல்லையென்றால் பூஜ்யம் என்று வினவலிலேயே எழுதினோம். அதே நேரத்தில், வினவல் தோற்றுப்போய் எண்ணே வராமல் போவதைத் தனி எச்சரிக்கையாக வைத்தோம். 'வேலை எதுவும் பாக்கி இல்லை' என்பதும் 'கேட்கவே முடியவில்லை' என்பதும் ஒரே முகத்தோடு வந்தால் ஆபத்து.

பழைய குப்பையும் வெளியே வந்தது. முதல் முறை ஓட விட்டபோது மிகப் பழைய சாம்பிளின் வயது மூன்று ஆண்டு. இரத்த அணுக்கள் உடைந்துபோய்ப் பயன்படாமல் தள்ளிய ஏழு சாம்பிள்கள், 'நிராகரிப்பு' என்று குறிக்கப்படாமல் கிடந்தன. டெக்னீஷியன் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஏழையும் தேதியோடு காட்டினார். திரையில் இல்லாத உண்மை அந்த நோட்டில் இருந்தது.

கண்காணிப்பே சுமையான நாள்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் சொந்தமாக வினவல் எழுதத் தொடங்கும் எல்லோரும் விழக்கூடிய பள்ளம் இது.

ஐந்தாவதாக ஓர் அளவீடு சேர்த்தோம்: இதுவரை அனுப்பிய ரிப்போர்ட்டுகளின் மொத்த எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். முடிவுகள் அட்டவணையில் அப்போது சுமார் 2 கோடி வரிகள். வினவல் அவற்றை எண்ண வேண்டும். 15 விநாடிக்கு ஒரு முறை கேட்கும்படி வைத்தோம்.

மறுநாள் காலை பில் போடும் இடத்தில், ரசீது அச்சாகத் தாமதமாகிறது என்றார்கள். போஸ்ட்கிரெஸில் ஒரே வரிக்குப் பல பதிப்புகள் இருக்கலாம். எந்தப் பதிப்பு எந்தப் பரிவர்த்தனைக்குத் தெரிய வேண்டும் என்பதை ஒவ்வொரு வரியாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே மொத்த எண்ணிக்கை ஆயத்தமாக எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. கேட்கும் ஒவ்வொரு முறையும் அது உட்கார்ந்து எண்ணும். எங்கள் வினவல் முடிய 12 விநாடி ஆனது. புரோமிதியஸ் தானாகக் காத்திருக்கும் வரம்பு 10 விநாடி. எனவே அது விடை வாங்காமலே போய்விடும், மூன்று விநாடி மூச்சு விட்டு அடுத்த எண்ணல் தொடங்கும். வட்டு நாள் முழுவதும் எங்களுக்காகப் படித்துக்கொண்டிருந்தது, நாங்களோ ஒரு விடையும் பெறவில்லை. பில் போடும் வினவல்களுக்குத் தேவையான பக்கங்கள் நினைவகத்திலிருந்து தள்ளப்பட்டு, அவையும் வட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. நோயாளியைக் காக்க வைக்கக் கூடாது என்று தொடங்கிய வேலை நோயாளியைப் பில் வரிசையில் நிறுத்திவிட்டது. எனக்கு அது மே மாதத்துத் திங்கட்கிழமையைவிட அதிகமாக வலித்தது.

அந்த வினவலை எடுத்துவிட்டு, கடந்த ஐந்து நிமிடத்தில் அனுப்பியவை எத்தனை என்று மாற்றினோம். அனுப்பிய நேரத்தின் மேல் இண்டெக்ஸ் (புத்தகத்தின் சொல்லடைவு போல, வேண்டிய வரிகளை நேராகக் காட்டும் பட்டியல்) இருப்பதால் சில நூறு வரிகளைத் தொட்டால் போதும். காத்திருப்பவற்றுக்கு, அனுப்பிய நேரம் காலியாக இருக்கும் வரிகளை மட்டும் கொண்ட பகுதி இண்டெக்ஸ் ஒன்றை, எழுதுபவர்களைத் தடுக்காமல் உருவாக்கும் முறையில், ஓர் இரவில் கட்டினோம். 2 கோடி வரிகளில் எந்த நேரத்திலும் முடியாமல் இருப்பவை ஒரு சில நூறுதான். இண்டெக்ஸும் அந்தச் சில நூறுக்கு மட்டுமே. அந்த வினவல் இப்போது ஒரு மில்லி விநாடிக்குள் முடிகிறது. அட்டவணையின் மொத்த அளவு தேவைப்பட்டால், தரவுத்தளம் தானே புள்ளிவிவரமாக வைத்திருக்கும் தோராய எண்ணை எடுத்துக்கொள்கிறோம். வளர்ச்சியைப் பார்க்க அது போதும்.

இவற்றைவிட முக்கியமானது கண்காணிப்புக் கணக்குக்கே கடிவாளம் போட்டது. அதன் எந்த வினவலும் 2 விநாடியைத் தாண்டினால் தரவுத்தளமே முறித்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் அந்தக் கணக்கு திறக்க முடியாது. 15 விநாடி என்பது 60 விநாடி ஆயிற்று. பத்து நிமிடத் தாமதத்தைப் பிடிக்க நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தால் தாராளம்.

இன்னொரு சுமை வேறு பக்கத்திலிருந்து வர இருந்தது. இளைய தம்பி ஒவ்வோர் அளவீட்டையும் மையம், சோதனை, அனுப்பிய மருத்துவர் என்று மூன்று அடையாளங்களோடு பிரித்து எழுதியிருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. 14 மையம், 160 சோதனை, 300 மருத்துவர் என்று பெருக்கினால் 6,72,000 தனித்தனி எண் தொடர்கள் உண்டாகக்கூடும், ஒவ்வொன்றையும் கண்காணிப்புச் சர்வர் நினைவில் தாங்க வேண்டும். சோதனை வகைகள் ஐந்து, மையங்கள் 14, அதற்கு மேல் வேண்டாம் என்று நிறுத்தினேன். சாம்பிள் எண்ணையும் நோயாளியின் பெயரையும் அடையாளமாக வைக்கவே கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு காரணம். சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவருடைய சோதனை விவரம் கண்காணிப்பு வரைபடத்தில் தொங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த ரிப்போர்ட் நின்றது என்று தெரிய வேண்டுமானால் எச்சரிக்கை வந்த பிறகு தரவுத்தளத்துக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

குடியாத்தத்தின் மௌனம்

ஜூலையில் ஒரு காலை, ஏழரை மணிக்கு டெக்னீஷியன் அழைத்தார். குடியாத்தம் மையத்திலிருந்து வண்டியில் சாம்பிள்கள் வந்துவிட்டன, அவற்றின் பதிவுகள் கணினியில் இல்லை, பார்கோடைப் படித்தால் ஆளைத் தெரியவில்லை என்றார். அங்கே சாலை தோண்டியதில் இணையக் கம்பி அறுந்திருந்தது. எங்கள் ஐந்து அளவீடுகளும் பச்சை. பதிவே வராத சாம்பிளுக்கு வயது ஏது? காத்திருப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம், வராதவர்களைக் கேட்கவில்லை.

அன்று மாலையே ஒரு வினவல் சேர்த்தோம்: ஒவ்வொரு மையத்திலிருந்தும் கடைசிப் பதிவு வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று? இதற்கு வரம்பு வைக்க அக்காவும் மையத்து ஊழியர்களும்தான் உதவினார்கள். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை குடியாத்தத்தில் இருபது நிமிட மௌனம் சந்தேகத்துக்குரியது. அணைக்கட்டில் நாற்பது நிமிடம் வரை சாதாரணம். மதியத்துக்கு மேல் எந்த மையத்திலும் இரண்டு மணி நேரம்கூட யாரும் வராமல் இருக்கலாம். இந்த வரம்புகளை எச்சரிக்கைக் கோப்பில் எழுதாமல் தரவுத்தளத்திலேயே ஒரு சிறிய அட்டவணையில் வைத்தோம். வினவல் அந்த அட்டவணையோடு சேர்த்துப் பார்த்து, மௌனத்தை அனுமதித்த நேரத்தால் வகுத்து எண்ணைத் தருகிறது. திருவிழா நாளுக்கோ விடுமுறைக்கோ வரம்பை மாற்ற இப்போது எங்கள் குழு தேவையில்லை, அக்காவே மாற்றிவிடுகிறார்.

ஆகஸ்டில் இதே அளவீடு வாலாஜா மையத்தைக் காட்டியது. ஊழியர் வந்திருந்தார், கணினி மட்டும் எழவில்லை. வண்டி கிளம்புவதற்கு முன்பே தெரிந்ததால் காகிதத்தில் பட்டியல் எழுதிச் சாம்பிள்களோடு அனுப்பச் சொன்னோம். ஒன்றும் கலந்துபோகவில்லை.

இப்போது வரவேற்பு மேசையில் ஒரு சிறிய திரை இருக்கிறது. அதில் ஒரே ஓர் எண், நிமிடத்தில்: மிகப் பழைய ரிப்போர்ட் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பது. சி.பி.யு.வும் நினைவகமும் அதில் இல்லை. பெரும்பாலும் அது பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். எண் ஐந்தைத் தொட்டால் அக்கா என்னை அழைத்துவிடுவார், பத்தில் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கை அதன் பிறகுதான் ஒலிக்கும்.

போன வாரம் அழைத்தபோது எண் ஒன்றில்தான் இருந்தது. "தம்பி, போய்விட்டது என்று உங்கள் திரை சொல்கிறது. அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியுமா? காலையில் வந்த வங்காளப் பெரியவர் தன் போனில் எதுவும் வரவில்லை என்கிறார்" என்றார். பார்த்தேன். எங்கள் அட்டவணையில் அனுப்பிய நேரம் இருந்தது. சேர்ந்த நேரம் என்று ஒரு பத்தியே இல்லை. குறுஞ்செய்தி நிறுவனம் சேர்ந்ததற்கான தகவலைத் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நாங்கள்தான் அதை வாங்கி வைக்கவில்லை. பெரியவருக்கு ரிப்போர்ட்டை அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பத்தியைச் சேர்க்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அது நிரம்பத் தொடங்கியதும் ஏழாவது வினவல் எழுதுவோம்: அனுப்பியும் சேராத ரிப்போர்ட்டுகளில் மிகப் பழையதன் வயது என்ன?